பொன்னாங்கண்ணியும் கேரட்டும் சாப்பிட்டா கண்ணாடிய கழட்டிடலாமா?

பாபநாசம் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஆறாவது படிக்கிறா. போர்டுல எழுதறது தெரியலைன்னு சொல்லிட்டே இருந்தா, டீச்சரும் டைரியில எழுதி அனுப்பிட்டாங்க, கும்பகோணத்துல கொண்டுபோயி காமிச்சதுல ரெண்டு கண்லயும் மைனஸ் ஒன்றரை, கண்ணாடி போட்டே ஆகணும்னாங்க. வீட்டுல மாமியார் ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க. பொம்பளப்புள்ளைக்கு இந்த வயசுல கண்ணாடி மாட்டிவிட்டா நாளைக்கு யாரு கட்டிப்பா, ஒரு மண்டலம் பொன்னாங்கண்ணி குடு, காலையில வெறும் வயத்துல கேரட் ஜூஸ் குடு, தன்னால சரியாயிடும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வீட்டுக்காரரும் அம்மா சொன்னதுக்கு தலையாட்டுறார். கீரை குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, வாய்க்கா ஓரத்துலயே மண்டிக் கெடக்கு. ஆனா அதுக்காக கண்ணாடி வாங்கறத தள்ளிப்போடலாமா? கீரை சாப்பிட்டு பவர் கொறஞ்சவங்க யாராச்சும் இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

தஞ்சை கீரைப்பிரியன்:
தங்கச்சி, மாமியார் சொல்றத தூக்கிப் போட்றாதீங்க. எங்க தாய்மாமா ஒருத்தர் ஒரத்தநாடு பக்கம் இருக்கார், அறுபத்தாறு வயசு. நாப்பத்தஞ்சு வயசுல வெள்ளெழுத்து வந்து பேப்பர் படிக்க கண்ணாடி போட்டவரு. ரெண்டு மூணு வருஷமா வாரத்துல பாதி நாள் பொன்னாங்கண்ணி பொரியல், நெய் விட்டு சாப்பிடறார். இப்ப கண்ணாடியே இல்லாம பஞ்சாங்கத்துல இருக்கற பொடி எழுத்தெல்லாம் கடகடன்னு படிக்கிறார், நானே கண்ணால பாத்தேன். பொன்னாங்கண்ணி சாப்பிட்டா பகல்ல நட்சத்திரம் தெரியும்னு பெரியவங்க சும்மாவா சொல்லிருப்பாங்க? மாத்திரை மருந்து எல்லாம் நேத்து வந்தது, கீரை எத்தனை தலைமுறையா இருக்கு.

குடந்தை ராகவன்:
கேரட் விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். கேரட் சாப்பிட்டா கண்ணு கூர்மையாகும்ங்கற பேச்சு உலகம் பூரா பரவுனதுக்கு ரெண்டாம் உலகப்போர் ஒரு பெரிய காரணம். 1940, 41ல பிரிட்டிஷ்காரங்க ராத்திரியில ஜெர்மன் விமானங்கள சுட்டு வீழ்த்த ஆரம்பிச்சாங்க, விமானத்துக்குள்ளயே சின்ன ரேடார் பொருத்தியிருந்தாங்க, அத வெளிய சொல்ல முடியாது. அதனால ஜான் கன்னிங்ஹாம்னு ஒரு விமானி, பூனைக்கண்ணுன்னு பட்டப்பேரு வச்சாங்க, அவர் நெறைய கேரட் சாப்பிடறதாலதான் இருட்டுல கண்ணு தெரியுதுன்னு பத்திரிகையில வந்துச்சு. அந்த நேரத்துல அங்க சர்க்கரைக்கு ரேஷன், கேரட் மட்டும் ஏகத்துக்கு வெளஞ்சிருந்துது, அரசாங்கமும் இருட்டடிப்பு நேரத்துல கண்ணு தெரியணும்னா கேரட் சாப்பிடுங்கன்னு பிரச்சாரம் பண்ணுச்சு. அது அப்படியே நம்ம ஊரு அஞ்சாங்கிளாஸ் புத்தகம் வரைக்கும் வந்துருச்சு. கேரட்டுல சத்து இல்லன்னு சொல்ல வரல.

மன்னை ஆப்டம்:
அக்கா வணக்கம், நான் ஆப்டோமெட்ரி படிச்சிட்டு மன்னார்குடியில கண் பரிசோதனை பண்ற ஆளு. இந்தக் கேள்வி வாரத்துல ரெண்டு பேராச்சும் கேக்கறாங்க அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

கண்ணு பலவீனம்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது உள்ள வேற வேற சமாச்சாரம். உங்க பொண்ணுக்கு இருக்கறது கிட்டப்பார்வை. பெரியவங்களுக்கு கண்ணு முன்பக்கத்துலேருந்து பின்பக்கம் வரைக்கும் சுமாரா 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலா வளந்துட்டாலே மைனஸ் ரெண்டரை, மூணு கிட்ட பவர் வந்துடும். அப்ப மைனஸ் ஒன்றரைன்னா ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கதை. வெளிச்சம் விழித்திரையில குவியறதுக்கு பதிலா அதுக்கு கொஞ்சம் முன்னாடியே குவிஞ்சிடுது, தூரத்துல இருக்கற எழுத்து கலங்கலா தெரியுது. இதுல சத்துக்குறைவுன்னு ஒண்ணும் இல்ல. காலு வளந்து போன வருஷத்து செருப்பு பத்தலன்னா புது செருப்பு வாங்குவோமே தவிர, நல்ல சாப்பாடா போட்டு காலை சுருக்கப் பாக்க மாட்டோம்ல. வளந்த கண்ண எந்தக் கீரையும் திரும்ப சின்னதாக்காது.

கீரை வேல செய்யற எடம் வேற. கீரை, கேரட், பப்பாளி, மாம்பழத்துல பீட்டா கரோட்டின் இருக்கு, உடம்பு அதைத்தான் வைட்டமின் ஏவா மாத்திக்குது. விழித்திரையில மங்கல் வெளிச்சத்துல பாக்கறதுக்குன்னே தனி செல்கள் இருக்கு, அதுல ரொடாப்சின்னு ஒரு நிறமி. அது உருவாகறதுக்கு வைட்டமின் ஏ வேணும். இத கண்டுபுடிச்ச ஜார்ஜ் வால்டுக்கு 1967ல நோபல் பரிசு குடுத்தாங்க. வைட்டமின் ஏ கொறஞ்சா மொதல்ல அடிபடறது அந்தி நேரத்துப் பார்வை, அதான் மாலைக்கண். அப்படி கொறஞ்சு போனவங்களுக்கு கீரை, முட்டை, ஈரல் எல்லாம் நெசமாவே பார்வைய திருப்பிக் குடுக்கும். கொறையே இல்லாதவங்களுக்கு மேல மேல போட்டா பார்வை கூடிட்டே போகாது, மிச்சம் ஈரல்ல போயி சேரும் அவ்ளோதான்.

அதனால கீரையும் குடுங்க, கண்ணாடியும் வாங்குங்க. கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்ங்கறதும் தப்பு. வயசு ஏற ஏற கண்ணு வளருது, பவரும் அதோட ஏறுது, கண்ணாடி போட்டதாலன்னு பழி அது மேல விழுது. போடாம விட்டா ஏறறது நிக்கப் போறதில்ல, புள்ள போர்டு தெரியாம படிப்புல பின்தங்கறதுதான் மிச்சம்.

பாபநாசம் செல்வி:
ரொம்ப நன்றி தம்பி. செருப்பு விஷயத்த அப்படியே மாமியார்ட்ட சொல்லிப் பாக்கறேன். பவர் ஏறாம நிறுத்த எதுவுமே வழி இல்லியா?

மன்னை ஆப்டம்:
இருக்குக்கா. வெயில் வெளிச்சம். சீனாவுல குவாங்சோ ஊர்ல பள்ளிக்கூடங்கள்ல ஒன்னாங்கிளாஸ் புள்ளைங்கள தெனம் கூடுதலா 40 நிமிஷம் வெளிய விட்டுப் பாத்தாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா வெளிய விட்ட பள்ளிகள்ல 30 சதவீதம் புள்ளைங்களுக்குத்தான் கிட்டப்பார்வை வந்துருந்துது, விடாத பள்ளிகள்ல கிட்டத்தட்ட 40. 2015ல வந்த ஆய்வு. ஏற்கனவே வந்த பவர அது கொறைக்காது, வராம இருக்க ஓரளவு உதவுது. தெனம் ரெண்டு மணி நேரம் வெளிய வெளையாடுனா நல்லதுன்னு சொல்றோம். நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம், புள்ளைங்க சாயங்காலம் டியூஷனுக்குப் போயிடுதுங்க, ஞாயித்துக்கெழம செல்போனு. வேகமா பவர் ஏறற புள்ளைங்களுக்கு டாக்டருங்க கொறஞ்ச அளவுல அட்ரோபின் சொட்டு மருந்து எழுதறதும் உண்டு, அது டாக்டர் பாத்து முடிவு பண்றது.

கொடிக்கால் மணி, சுவாமிமலை:
நாங்க மூணு தலைமுறையா வெத்தலைக் கொடிக்கால் வச்சிருக்கோம். கொடிக்கால்னா அகத்தி இல்லாம கெடையாது, அகத்தி மேலதான் கொடி ஏறும், நெழலும் அதான் குடுக்கும். அதனால எங்க வீட்டுல அகத்திக்கீரைக்கு என்னிக்கும் கொறைவில்ல. ஏகாதசி விரதம் இருந்தவங்க மறுநாள் துவாதசிக்கு அகத்தி வேணும்னு வெடியகாலம் சைக்கிள்ல வந்து நிப்பாங்க, அன்னிக்கு ஒரு கட்டுகூட மிஞ்சாது. இத்தனை அகத்தி தின்ன எங்க வீட்டுலயே எங்க அண்ணனுக்கும் எனக்கும் கண்ணாடி உண்டு. அண்ணன் மகன் காலேஜ் படிக்கிறான் அவனுக்கு மைனஸ் மூணு. அகத்தி தின்னா கண்ணாடி வராதுன்னா கொடிக்கால்காரன் வீட்டுல ஒருத்தன்கூட போட்டுருக்கக் கூடாதுல்ல.

ஆனா ஒண்ணு, எங்க அப்பாயி காலத்துல இந்தப் பக்கம் மாலைக்கண் புள்ளைங்க நெறைய இருந்துருக்கு, எங்க வீட்டுல ஒண்ணுத்துக்கும் வந்ததில்லன்னு அப்பாயி சொல்லும். அது அகத்தியாலதான்னு நான் நம்பறேன்.

இன்னொரு விஷயம். கொடிக்காலுக்கு மருந்து அடிச்சா அந்த வாரம் நாங்க அகத்தி ஒடிக்கறதில்ல. எல்லாரும் அப்படி பாத்து செய்வாங்கன்னு சொல்ல முடியாது, வாங்கறவங்க கேட்டு வாங்குங்க, நல்லா அலசுங்க. பொன்னாங்கண்ணியும் அப்படித்தான், டவுன் சாக்கடை வந்து கலக்கற வாய்க்கால்லயும் தளதளன்னு வளரும், பாக்க அழகா இருக்குன்னு அதை அறுத்து கட்டு கட்டிடறாங்க.

வேதாரண்யம் சிஸ்டர்:
மணி தம்பி அப்பாயி சொன்னது சரியாத்தான் இருக்கும். நான் கிராம சுகாதார செவிலியரா வேல பாத்து ரிட்டயர் ஆனவ. வேலைக்கு சேந்த புதுசுல மாலைக்கண் புள்ளைங்கள நேர்ல பாத்துருக்கேன். அம்மாமாரு வந்து கண்ணு தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. "பொழுது சாஞ்சா புள்ள எந்திரிக்கவே மாட்டேங்குதுக்கா, உக்காந்த எடத்துலயே உக்காந்துருக்கு, தட்டுல சோத்த கையால தடவித் தேடுது" அப்டிம்பாங்க. வெளிச்சத்துல கொண்டுவந்து கீழ் இமைய இழுத்துப் பாத்தா வெள்ள முழியில, கருவிழிக்குப் பக்கத்துல சோப்பு நுரை காஞ்ச மாதிரி ஒரு திட்டு இருக்கும், பிட்டாட் புள்ளின்னு சொல்வோம். அத பாத்துட்டா கைகால் ஓடாது. அதுக்கு மேல விட்டா கருவிழி வறண்டு, கரைஞ்சு, ரெண்டு மூணு நாள்லயே கண்ணு போயிடும். தட்டம்மை வந்த புள்ளைங்க, ஓயாம வயித்தால போற புள்ளைங்களுக்குத்தான் இது வேகமா வரும்.

1970லயே இதுக்குன்னு தேசிய திட்டம் வந்துச்சு, ஐதராபாத் தேசிய உணவூட்டக் கழகத்துல ஆராய்ச்சி பண்ணிக் குடுத்தது. இப்ப ஒம்பது மாசத்துல தட்டம்மை ஊசி போடறப்ப வைட்டமின் ஏ மருந்து வாயில ஒரு மில்லி, அதாவது ஒரு லட்சம் யூனிட், அப்பறம் ஆறு மாசத்துக்கு ஒருதரம் ரெண்டு மில்லி, அஞ்சு வயசு வரைக்கும் மொத்தம் ஒம்பது தடவ. பாட்டிலோடயே அளவு கோடு போட்ட சின்ன கரண்டி வரும். மஞ்சளா எண்ணெய் மாதிரி இருக்கும், சில புள்ளைங்க துப்பிடும். அங்கன்வாடியில சிஸ்டர் கூப்பிட்டா தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போங்க. வீட்டுல கீரை குடுக்கறோமே எதுக்கு சொட்டு மருந்துன்னு சில படிச்சவங்களே கேக்கறாங்க. ரெண்டு வயசுப் புள்ள எவ்வளவு கீரை திங்கும்னு அவங்களே யோசிச்சுப் பாக்கட்டும்.

கீரை சமைக்கிற வெதமும் முக்கியம். இந்த சத்து தண்ணியில கரையாது, எண்ணெயிலதான் கரையும். வெறும் உப்பு போட்டு அவிச்ச கீரையவிட தேங்கா போட்டு, நல்லெண்ணெய் தாளிச்சு, இல்ல பருப்போட மசிச்சு நெய் விட்டு குடுத்தா உடம்புல ஒட்டும். கேரட்டும் அப்படித்தான், பச்சையா கடிக்கிறதவிட பொரியல் மேல். ஜூஸ்ல சக்கரைய அள்ளிப் போட்டு குடுக்கறது எதுக்குன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல.

தஞ்சை கீரைப்பிரியன்:
சிஸ்டர் அம்மா சொல்றத மதிக்கிறேன். ஆனா எங்க மாமா கண்ணாடி இல்லாம படிக்கிறாரே அதுக்கு யாரும் பதில் சொல்லலியே. மனுசன் பொய் சொல்றவர் இல்ல.

மன்னை ஆப்டம்:
அண்ணே, மாமா பொய் சொல்றாருன்னு நான் நெனைக்கவே இல்ல. அவர் நெசமாத்தான் படிப்பார். எனக்கு சில விவரம் மட்டும் சொல்லுங்க. தூரத்துல வர்ற பஸ்ஸு போர்டு முன்ன மாதிரி தெரியுதா? ராத்திரியில எதிர்ல வர்ற வண்டி லைட்டு கண்ணுல சிதறுதா? சுகர் இருக்கா?

ஏன் கேக்கறேன்னா, வயசானவங்களுக்கு கண்ணு லென்ஸோட நடுப்பகுதி இறுகி புரை விழ ஆரம்பிக்கறப்ப, அந்த லென்ஸு வெளிச்சத்த கூடுதலா வளைக்கும். மைனஸ் பவர் தன்னால வந்து சேரும். அப்ப என்னாகும்னா பக்கத்துல இருக்கறது கண்ணாடி இல்லாமலே தெரிய ஆரம்பிச்சிடும், தூரம் மங்கும். நாப்பது வயசுல போட்ட கண்ணாடிய அறுபதுல கழட்டி வச்சிட்டு, எனக்கு கண்ணு திரும்பி வந்துடுச்சுன்னு சந்தோஷமா வர்றவங்கள நான் அடிக்கடி பாக்கறேன். அந்த நேரத்துல எந்தக் கீரை சாப்பிட்டாங்களோ, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்களோ, பேரு அதுக்குப் போயிடுது.

சுகர் கூடிக் கொறையறப்பவும் இதே மாதிரி ஆகும். சுகர் ஏறுனா லென்ஸு உப்பி பவர் மாறும், எறங்குனா திரும்ப மாறும். சோத்த கொறைச்சுட்டு கீரைய கூட்டுனவருக்கு சுகர் எறங்கி, அதனால பவர் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவா இருந்தாலும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்கண்ணே.

திருவாரூர் கதிர்:
சுகர் பத்தி பேச்சு வந்ததால எழுதறேன், இத எழுதறதுக்கு மனசு வலிக்குது. எங்க அப்பாவுக்கு சுகர். பார்வை லேசா மங்குதுன்னு சொன்னப்ப ஊர்ல ஒருத்தர் முருங்கைக்கீரை சாறும் ஒரு பொடியும் குடுத்து, ஆறு மாசம் சாப்பிடுங்க ஆஸ்பத்திரி பக்கமே போக வேணாம்னாரு. அப்பா நம்புனாரு. நாங்களும் இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வந்துடப் போவுதுன்னு இருந்துட்டோம். ஒருநாள் காலையில எந்திரிச்சு ஒரு கண்ணு முன்னாடி கருப்பா செலந்தி வலை தொங்குதுங்கறார். விழித்திரையில ரத்தக்கசிவு. சுகரால வந்த விழித்திரை பாதிப்பு, ரொம்ப முத்திப் போச்சு, முன்னாடியே வந்துருந்தா லேசர் வச்சு காப்பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ஒரு கண்ணுல இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, இன்னொரு கண்ணுக்கு ஊசி போட்டு, லேசர் வச்சு நிறுத்தி வச்சிருக்காங்க.

முருங்கைக்கீரை எங்கப்பா கண்ண கெடுக்கல. அத நம்பி நாங்க இழந்த ஆறு மாசம் கெடுத்துச்சு. சுகர் இருக்கறவங்க கண்ணு நல்லா தெரிஞ்சாலும் வருஷத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவ பெருசாக்கி விழித்திரைய பாத்துடுங்க. ஆரம்பத்துல ஒரு அறிகுறியும் காட்டாதாம், அதுதான் இதோட கொடுமை.

நீடாமங்கலம் கணேசன்:
கதிர் தம்பி, படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத ஓடல. எங்க குடும்பத்துல நடந்ததையும் சொல்றேன். அண்ணன் மகனுக்கு சின்ன வயசுலேருந்தே ராத்திரியில கண்ணு தெரியாது. மாலைக்கண்ணுன்னு முடிவு பண்ணி அகத்தி, முருங்கை, ஆட்டு ஈரல்னு வருஷக்கணக்கா குடுத்தோம், எதுக்கும் அசையல. பத்தாவது படிக்கறப்ப சைக்கிள்ல போயி பக்கவாட்டுல நின்ன மாட்டு மேலயே மோதிட்டான், அப்பறந்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவாம், பரம்பரையா வர்றது, விழித்திரை செல்லே கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டு வருதாம். அண்ணன் கட்டுனது சொந்த அக்கா மகளத்தான், சொந்தத்துல கல்யாணம் பண்ணா இந்த மாதிரி நோய் வர வாய்ப்பு கூடுதல்னு டாக்டர் சொன்னாரு.

முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் குணமாயிருக்காதுதான். ஆனா படிப்பு, வேலைய அதுக்குத் தகுந்தாப்புல யோசிச்சிருக்கலாம், ஊனமுற்றோர் சான்றிதழ் முன்னாடியே வாங்கியிருக்கலாம், ராத்திரியில சைக்கிள் குடுத்து அனுப்பிருக்க மாட்டோம். கீரை, சொட்டு மருந்து குடுத்தும் மாலைக்கண் போகலன்னா அது வேற நோய்.

வேதாரண்யம் சிஸ்டர்:
கணேசன் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. சத்துக்குறைவால வந்த மாலைக்கண்ணு சரியான அளவு வைட்டமின் ஏ குடுத்தா ஒரு சில நாள்லயே தெளிய ஆரம்பிச்சிடும், அத வச்சே ஓரளவு கண்டுபுடிச்சிடலாம். அதுக்காக கடையில நீங்களா வாங்கி ஊத்தக்கூடாது. முக்கியமா மாசமா இருக்கற பொண்ணுங்க வைட்டமின் ஏ மாத்திரையோ ஈரலோ அளவுக்கு மீறி எடுத்தா வயித்துப் புள்ளைக்கு ஆகாது. கீரை, கேரட்ல அந்த பயம் இல்ல, உடம்பு தேவைக்குத்தான் மாத்தும். ரொம்ப தின்னா உள்ளங்கை மஞ்சளாகும், மஞ்சக்காமாலைன்னு பயந்து ஓடி வருவாங்க. வெள்ள முழி வெள்ளையாவே இருந்தா காமாலை இல்ல.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் திடீர்னு கீரைய கூட்டவோ கொறைக்கவோ வேணாம், டாக்டர்ட்ட சொல்லிட்டு செய்ங்க.

கொடிக்கால் மணி, சுவாமிமலை:
கீரையில எதுல கண்ணு சத்து கூடுதல்? எங்க அகத்தியா, முருங்கையா?

மன்னை ஆப்டம்:
மணியண்ணே, உணவூட்டக் கழகத்தோட பழைய அட்டவணைப்படி 100 கிராமுக்கு முருங்கைக்கீரையில 6780 மைக்ரோகிராம் கரோட்டின், அகத்தியில 5400, கேரட்டுல 1890. பிற்பாடு புதுசா அளந்தப்ப எண்ணிக்கை மாறியிருக்கு, ஆனா முருங்கைக்கீரை கேரட்ட விட மூணு மடங்குக்கு மேலங்கறது அதுலயும் அப்படியேதான் இருக்கு. சாப்பிடற கரோட்டின்ல சுமாரா பன்னெண்டுல ஒரு பங்குதான் வைட்டமின் ஏவா மாறுது, அப்படிப் பாத்தாலும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை ஒரு நாள் தேவையில நல்ல பங்கு குடுத்துடும். ஊட்டியிலேருந்து லாரியில வர்ற கேரட்டுக்கு காசு குடுத்துட்டு, கொல்லையில நிக்கிற முருங்கைய ஆடு மாட்டுக்கு ஒடிச்சுப் போடறோம், எனக்கு அதுதான் ஆதங்கம்.

நாகை அலை:
கடக்கரைக்காரங்களையும் சேத்துக்கோங்க. முழுசா தின்ற பொடி மீனு, முட்டை மஞ்சக்கரு, பால், இதுலல்லாம் வைட்டமின் ஏ நேரடியாவே இருக்கு, மாத்தற வேலையே உடம்புக்கு இல்ல. கீரைய தொடாத புள்ளைங்களுக்கு முட்டை குடுங்க.

ஒரு சந்தேகம் கேக்கணும். வாட்சப்புல லூட்டின் கலந்த கேப்சூல்னு ஒண்ணு வருது, கண்ணாடி கழன்றும், புரை கரையும்னு போட்டுருக்கான். எங்க அத்தை மாசாமாசம் வாங்கறாங்க.

மன்னை ஆப்டம்:
புரை கரையாது. லென்ஸுல இருக்கற புரதம் வெளுத்துப் போனது, வெந்த முட்டை மறுபடி பச்சையாகாது, ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. அந்தக் கேப்சூல நம்பி அத்தை ஆபரேஷன தள்ளிப் போடாம பாத்துக்கங்க.

லூட்டின்ங்கறது கீரையில இருக்கற மஞ்சள் சத்துதான், விழித்திரை நடுவுல மாக்குலாங்கற எடத்துல போயி தங்குது. அமெரிக்காவுல ஏரெட்ஸ்னு பெரிய ஆய்வு, முதல் முடிவு 2001ல, ரெண்டாவது 2013ல வந்துச்சு. வயசானதால மாக்குலா கெடற நோய் நடு கட்டத்துல இருக்கறவங்களுக்கு விட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் எல்லாம் சேந்த மாத்திரை குடுத்தா நோய் முத்தறது ஏறக்குறைய கால்வாசி கொறையுதுன்னு தெரிஞ்சுது. மொதல்ல அந்த மாத்திரையில பீட்டா கரோட்டினும் இருந்துது, அத மாத்திரையா எடுக்கற பீடி சிகரெட்காரங்களுக்கு நுரையீரல் புத்துநோய் கூடுதலா வருதுன்னு வேற ஆய்வுகள்ல தெரிஞ்சதால, ரெண்டாவது தடவ அதுக்கு பதிலா லூட்டினும், ஸியாசாந்தின்னு அதே மாதிரி இன்னொரு மஞ்சள் சத்தும் வச்சுப் பாத்தாங்க. அது அந்த நோய் வந்தவங்களுக்கு மட்டும். நோயே இல்லாதவங்களுக்கு வராம தடுக்கும்னோ, புரைய நிறுத்தும்னோ அந்த ஆய்வு சொல்லல. அத்தைக்கு மாக்குலாவுல கோளாறு இருக்கா இல்லியான்னு பாக்காம மாசாமாசம் காசு போடறது வீணு.

கொடிக்கால் மணி, சுவாமிமலை:
சம்பா அறுப்பு நேரத்துக்கு உதவும்னு இதையும் சொல்லிடறேன். கண்ணுல நெல்லு சுணையோ தாளோ கீறிடுச்சுன்னா எங்க பக்கம் நந்தியாவட்டைப் பூவ கசக்கி விடறது, தாய்ப்பால் பீச்சறது, பொன்னாங்கண்ணி சாறு விடறதெல்லாம் இன்னும் நடக்குது. எங்க கூட வேல பாத்த ஆளுக்கு அப்படி விட்டு, சீழ் புடிச்சு, கடைசியில கண்ணுல பூ விழுந்துடுச்சு.

மன்னை ஆப்டம்:
மணியண்ணே இத நீங்க எழுதுனதுக்கு கோடி நன்றி. தாள், சுணை கீறுன புண்ணுல பூஞ்சைக் காளான் ஏறி கருவிழிப் புண்ணு வர்றது விவசாய வேல பாக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல ரொம்ப சாதாரணம். கீரை வாய்க்குள்ள போறது, கண்ணுக்குள்ள இல்ல. மெடிக்கல்ல போயி தானா ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடறதும் அதே ஆபத்து, காளானுக்கு அது எருவு மாதிரி ஆயிடும். சுத்தமான தண்ணியில கழுவிட்டு, உறுத்தல் நிக்கலன்னா அன்னிக்கே கண் டாக்டர்ட்ட போங்க.

தஞ்சை கீரைப்பிரியன்:
மாமாவ கூட்டிட்டுப் போனோம். தம்பி சொன்ன மாதிரி ரெண்டு கண்லயும் நடு லென்ஸுல புரை, தூரப்பார்வை பாதிக்கு மேல கொறஞ்சுருக்கு. பஸ்ஸு நம்பர் தெரியலங்கறத அவரு வெளிய சொல்லவே இல்ல, மாமி கேட்டப்பதான் ஒத்துக்கிட்டாரு. தை பொறந்ததும் ஆபரேஷன் வச்சிருக்கு. சுகரும் பாத்தாச்சு, இல்ல. கீரைய விடச் சொல்லல டாக்டர், தாராளமா சாப்பிடுங்கன்னுதான் சொன்னாரு, மாமா அந்த ஒரு வார்த்தைய மட்டும் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார். எங்க வீட்டுல பொன்னாங்கண்ணி தொடர்ந்து நடக்கும்.

பாபநாசம் செல்வி:
கண்ணாடி வாங்கிட்டோம். கதிர் அண்ணன் எழுதுனத வீட்டுக்காரர்ட்ட படிச்சுக் காட்டுனேன், அவரே மறுநாள் லீவு போட்டு கூட்டிட்டுப் போயிட்டார். மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான், கீரைய தெனம் அவங்களே ஆஞ்சு அவங்க கையாலயே சமைச்சு குடுக்கட்டும்னு விட்டுட்டேன், புள்ளயும் பாட்டி குடுத்தா திங்குது. கடைசியா ஒண்ணு, சின்னவன் ஒன்னாவது படிக்கிறான். அவன் எதுவும் தெரியலன்னு சொல்றதில்ல. அவனையும் காமிக்கணுமா?

மன்னை ஆப்டம்:
கட்டாயம் காமிங்கக்கா. ஒரு கண்ணு மட்டும் மங்கலா இருந்தா புள்ளைங்களுக்கே தெரியாது, இன்னொரு கண்ண வச்சு சமாளிச்சிடும். அந்தக் கண்ணு வேல செய்யாமலே இருந்து சோம்பேறிக் கண்ணு ஆயிடும், ஏழெட்டு வயசு தாண்டிட்டா திரும்ப கொண்டுவர்றது கஷ்டம். வீட்டுலயே ஒரு கண்ண உள்ளங்கையால மூடி காலண்டர்ல தேதிய படிக்கச் சொல்லுங்க, அப்பறம் இன்னொரு கண்ண. ஒரு கண்ண மூடறப்ப மட்டும் கையத் தட்டி விட்டான், அழுதான்னா அடுத்த நாளே கூட்டிட்டுப் போங்க. எதுவும் இல்லாட்டியும் இந்த லீவுக்குள்ள ஒரு செக்கப் முடிச்சிடுங்க. அரசு பள்ளின்னா ஸ்கூல்லயே பரிசோதிச்சு இலவசமா கண்ணாடி குடுக்கறாங்க, ஹெச்செம்ம கேட்டுப் பாருங்க.